ஃபோர்ட் ரக்கருக்கு மாற்றலா? எண்டர்பிரைஸில் குடியேறும் ராணுவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானி ஆக வேண்டும் என்றால் அலபாமா மாநிலத்தின் தென்கிழக்கு மூலைக்கு வந்தே தீர வேண்டும். ஃபோர்ட் ரக்கர் தளம் அங்கேதான் இருக்கிறது. 1942-ல் காலாட்படைப் பயிற்சி முகாமாகத் தொடங்கிய இடம். 1954-ல் விமானப் பயிற்சிப் பள்ளி இங்கே மாறி வந்த பிறகு ஹெலிகாப்டர்களின் ஊராகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஃபோர்ட் நோவோசெல் என்று பெயர் மாற்றினார்கள். 2025-ல் மறுபடியும் ரக்கர் ஆக்கினார்கள். வாடகை விளம்பரம், பள்ளிப் படிவம், பழைய வரைபடம் என எதில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம், இடம் ஒன்றுதான்.

கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொள்ள ராணுவம் 2008-ல் தொடங்கி 2016-ல் நிறுத்திய மாவ்னி திட்டத்தில், தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாகச் சேர்ந்தவர்கள், கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்று சீருடையில் நம்மவர்கள் ஆங்காங்கே உண்டு. டல்லாஸ், நியூஜெர்சி போன்ற இடங்களுக்குக் குடிபோகும் தமிழர்களுக்கு வழிசொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தளத்தை ஒட்டிய, ஏறத்தாழ 28,000 பேர் வாழும் எண்டர்பிரைஸுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாமான்களை ராணுவம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஊரில் வேர்பிடிக்கும் வேலை பெரும்பாலும் சீருடை அணியாதவர் தலையில்தான் விழுகிறது. கணவரோ மனைவியோ விடியுமுன் பயிற்சிக்குப் போய்விடுவார். பள்ளி, டாக்டர், வீடு, அக்கம்பக்கம் எல்லாம் மற்றவர் பொறுப்பு. அவரை மனதில் வைத்தே இந்த வரிசையைச் சொல்கிறேன்.

ஆர்டர் கையில் வரும்வரை

"வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் கிளம்புகிறோம்" என்ற பேச்சை நம்பி வீட்டுக்காரரிடம் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். அச்சிட்ட மாற்றல் ஆர்டர் வந்த பிறகுதான் எல்லாமே. வந்துவிட்டால், படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் நோட்டீஸும் ஆர்டர் நகலும் கொடுத்தால் குத்தகையை அபராதமின்றி முறிக்கலாம். அடுத்த வாடகை கட்ட வேண்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்து ஒப்பந்தம் முடியும். வாடகை ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி என்றால், மே 10-ல் கொடுத்த நோட்டீஸ் ஜூலை 1-ல் முடிகிறது. அந்த இடைப்பட்ட வாடகையைக் கணக்கில் வையுங்கள். பலரும் இங்கேதான் கைக்காசை இழக்கிறார்கள்.

ஆர்டரில் பார்க்க வேண்டிய இன்னொன்று, மாணவராகப் போகிறாரா, நிரந்தரப் பணிக்கா என்பது. விமானப் பயிற்சி பல கட்டங்களாக நடக்கும். ஒரு கட்டம் முடிந்து அடுத்ததில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு உண்டு. காகிதத்தில் எழுதியிருக்கும் பயிற்சிக் காலம் நீளும் என்றே எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது தொடர் சிகிச்சை தேவையென்றால் ஈ.எஃப்.எம்.பி. (சிறப்புத் தேவை உள்ள குடும்பத்தினருக்கான ராணுவத் திட்டம்) பதிவை இப்போதே முடித்துவிடுங்கள். தளத்தில் இருக்கும் லைஸ்டர் ஒரு கிளினிக் மட்டுமே, ஆஸ்பத்திரி அல்ல. பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாம் எண்டர்பிரைஸிலோ 30 மைல் தள்ளியுள்ள டோதனிலோதான். குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் சில சமயம் பர்மிங்ஹாம்வரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், கார் ஓட்ட வேண்டியிருக்கும். ஆட்டிசம் தெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவை தேவைப்படும் பிள்ளை இருந்தால், காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கிளம்பும் முன்பே போன் செய்து கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் அந்த மாதங்கள் வீண்.

சாமான் கட்டும்போது

எடை வரம்பு பதவியைப் பொறுத்தது. குடும்பத்தோடு போகும் ஈ-5 சார்ஜென்டுக்கு 9,000 பவுண்டு, டபிள்யூ-1 வாரன்ட் ஆஃபிசருக்கு 12,000 பவுண்டு. மீறினால் கூடுதல் எடைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். சீருடை, தொழில் புத்தகங்கள், கருவிகள் ஆகியவற்றைத் தனியாக 'ப்ரோ-கியர்' என்று குறிக்கச் சொல்லுங்கள். படைவீரருக்கு 2,000 பவுண்டும் துணைக்கு 500 பவுண்டும் கணக்கில் சேராது. சொல்லாவிட்டால் யாரும் தாமாகச் செய்ய மாட்டார்கள். நாமே வண்டி பிடித்துக் கொண்டுபோவதென்றால், வெறும் வண்டியையும் சாமான் ஏற்றிய வண்டியையும் சான்றளிக்கப்பட்ட எடைமேடையில் நிறுத்தி இரண்டு சீட்டும் வாங்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் பணம் இல்லை.

நம் வீடுகளுக்கென்று சில தனி விஷயங்கள். நகை, வெள்ளிக் குத்துவிளக்கு, சொத்துப் பத்திரம் எதுவும் லாரியில் ஏறக் கூடாது. உங்கள் காரில், உங்கள் கையில். ஊறுகாய் ஜாடி, நல்லெண்ணெய், நெய் போன்ற திரவங்களைக் கட்டுபவர்கள் எடுக்க மாட்டார்கள். வெட் கிரைண்டரில் கல்லைத் தனியாகக் கழற்றித் துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். விலைமிக்க பொருட்களைக் கட்டும் முன் போட்டோ எடுத்துவைத்தால் பிற்பாடு இழப்பீடு கேட்க உதவும். சேதத்தை 180 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், முழு மாற்றுவிலை வேண்டுமானால் ஒன்பது மாதத்துக்குள் உரிமைகோரிக்கை போட்டுவிட வேண்டும்.

கறிவேப்பிலைச் செடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் பச்சையாக்க நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால் ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் தடுப்பு மண்டலங்களிலிருந்து செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. எத்தனை வருடம் வளர்த்ததானாலும் காரின் பின்சீட்டில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பள்ளி மதிப்பெண் பட்டியல், ஆர்டரின் பத்து நகல் அனைத்தும் ஒரே கோப்பில் உங்களோடு வரட்டும். ஊரில் நடந்த திருமணத்துக்குப் பதிவுத்துறைச் சான்றிதழ் இல்லாமல் டீர்ஸ் (ராணுவக் குடும்பத்தினரின் சலுகைத் தகுதிப் பதிவேடு) பதிவில் சிக்கல் வரும். அதைத் தொலைத்துவிட்டு அலபாமாவிலிருந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி வாங்குவது பெரும்பாடு.

எந்த கேட் பக்கம் வீடு

தளத்துக்குள் நுழைய எண்டர்பிரைஸ், டேல்வில், ஓசார்க் என்று ஊர்ப் பெயரிலேயே கேட்கள் உண்டு. மேற்கே எண்டர்பிரைஸ், தெற்கே டேல்வில், கிழக்கே ஓசார்க். முதலில் வேலை செய்யும் இடம் எந்த கேட்டுக்கு அருகே என்று பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் அதைவிடப் பள்ளி முக்கியம். ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பள்ளி நிர்வாகம், போதாததற்குக் காஃபி கவுன்டிக்கும் டேல் கவுன்டிக்கும் தனித்தனி நிர்வாகம். தெருவின் இந்தப் பக்கம் நகரப் பள்ளி, அந்தப் பக்கம் கவுன்டிப் பள்ளி என்று இருக்கும். விளம்பரத்தில் 'எண்டர்பிரைஸ்' என்று போட்டிருந்தால் போதாது. முகவரியைக் கொடுத்துப் பள்ளி அலுவலகத்திலேயே உறுதிசெய்துகொண்டு கையெழுத்திடுங்கள். தளத்துக்குள் குடியிருந்தால் சிறு வகுப்புகளுக்கு உள்ளேயே பாதுகாப்புத் துறையின் பள்ளி இருக்கிறது. மேல் வகுப்புக்கு வெளியே போக வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், எண்டர்பிரைஸ்தான் குடும்பத்துக்கு வசதி. ஊரைச் சுற்றிப் போகும் போல் வீவில் சர்க்கிள் சாலையிலேயே கடைகள் முக்கால்வாசி இருக்கின்றன. தனியாக இருப்பவர்களுக்கும், துணைவர் டோதன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் கிழக்குப் பக்கம் பொருந்தும்.

வந்தவுடன் வீடு வாங்காதீர்கள். வி.ஏ. கடனில் (படைவீரர் நலத்துறை உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்) முன்பணம் தேவையில்லை என்பது பெரிய சலுகைதான். ஆனால் இந்த ஊரில் வீடு விற்பதும் வாடகைக்குப் போவதும் தளத்தின் போக்குவரத்தை நம்பியே இருக்கிறது. கோடையில் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள், ஒன்றாகப் போகிறார்கள். ஒன்றரை வருடத்தில் கிளம்பப் போகும் மாணவர் குடும்பத்துக்கு வாடகையே நல்லது. மூன்று வருடப் பணிக்கு வருபவர்கள் ஆறு மாதமாவது இருந்து பார்த்து முடிவு செய்யலாம். வாங்குவதானால் 'டெர்மைட் பாண்ட்' இருக்கிறதா என்று கேளுங்கள். கரையான் தடுப்புக்கான ஆண்டு ஒப்பந்தம் அது, இந்த மண்ணில் அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். கூரையின் வயது, ஏ.சி.யின் வயது, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பவையும் பார்க்க வேண்டியவை. வாடகை வீடென்றாலும் அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசம் அடித்தால் வேறு வீடு தேடுங்கள். மே முதல் செப்டம்பர்வரை ஈரப்பதம் அப்படி.

ஹெலிகாப்டர் சத்தம் எங்கும் உண்டு, இரவுப் பயிற்சியும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் வீடு பார்க்க ஒரு முறை இரவில் போய் நின்று கேளுங்கள்.

முதல் சில வாரங்கள்

லாரி வரும்வரை வெறும் வீட்டில் இருக்கத் தேவையில்லை. தளத்தின் ஏ.சி.எஸ். (ராணுவக் குடும்ப உதவி) அலுவலகத்தில் பாத்திரம், தட்டு போன்றவற்றை இரவல் தரும் 'லெண்டிங் க்ளாசெட்' இருக்கும், ஆர்டரைக் காட்டிக் கேளுங்கள். டீர்ஸில் முகவரி மாற்றுங்கள். டிரைகேர் காப்பீட்டில் அலபாமா கிழக்கு மண்டலம். வேறு மண்டலத்திலிருந்து வந்தால் டாக்டரையும் மாற்ற வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் இதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள்.

துணைவரோ பிள்ளைகளோ இன்னும் குடியுரிமை பெறவில்லை என்றால், முகவரி மாறிய 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போட வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால் போதும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. இது சட்டக் கடமை. நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களுக்கும் தனியாக முகவரி மாற்றினால்தான் நேர்காணல் கடிதம் வீடு வந்து சேரும்.

பள்ளிச் சேர்க்கைக்கு அலபாமாவின் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். எல்லோரும் அதை 'ப்ளூ கார்டு' என்பார்கள். வேறு மாநில அட்டையை டாக்டரிடமோ கவுன்டி சுகாதாரத் துறையிலோ காட்டி மாற்றிக்கொள்ளலாம். பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். வடக்கிலிருந்து வருபவர்கள் செப்டம்பர் என்று நினைத்து ஏமாறுவார்கள். ராணுவப் பிள்ளைகளுக்கான மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தில் ஐம்பது மாநிலங்களும் இருக்கின்றன. அதன்படி, கையில் கொண்டுவந்த நகலை வைத்தே பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போன தடுப்பூசிக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும், முந்தைய ஊரில் கூடுதல் கடினமான (ஆனர்ஸ், ஏ.பி.) பாடம் படித்திருந்தால் முதலில் அதே நிலையில் உட்கார வைக்க வேண்டும். அலுவலகத்தில் தயங்கினால் தளத்தின் ஸ்கூல் லியேசன் அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் வேலையே அது.

வானிலையும் எறும்பும்

2007 மார்ச் 1 அன்று எண்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியைச் சுழற்காற்று (டொர்னேடோ) தாக்கி எட்டு மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களும் நண்பர்களும் இதே ஊரில் வாழ்கிறார்கள். எச்சரிக்கை என்றதும் பள்ளி சீக்கிரம் விட்டுவிடுவதையும் கடைகள் மூடுவதையும் பார்த்து 'இதற்கெல்லாமா' என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

'வாட்ச்' என்றால் உருவாகக் கூடிய சூழல், கவனமாக இருக்க வேண்டும். 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, அந்த நொடியே உள்ளே போக வேண்டும். வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, நடுவில் இருக்கும் அறையை முதல் நாளே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் குளியலறை அல்லது அலமாரி அறை. அதில் ஷூ, டார்ச், பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், தண்ணீர், கோப்பு. மொபைல் ஹோமில் (இழுத்து வந்து நிறுத்தும் லேசான வீடு) குடியிருந்தால் அது பாதுகாப்பான இடமே அல்ல. பொதுப் புகலிடம் எங்கே என்று தெரிந்துவைத்து, வாட்ச் வரும்போதே கிளம்பிவிடுங்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. தூங்கும்போது அதை நம்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோ ஒன்று படுக்கையருகில் இருக்கட்டும். வசந்த காலம் ஒரு சீசன், நவம்பர் இன்னொன்று. ஃபுளோரிடா கடற்கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம் என்பதால் புயலின் மிச்சமும் வரும். 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் டோதன் பக்கம் வரை வந்து சேதம் செய்தது.

நம் ஊரில் வெறுங்காலோடு புல்லில் நடந்து பழகியவர்களுக்கு ஃபயர் ஆன்ட் ஒரு புதுப் பாடம். 1930-களில் தென் அமெரிக்காவிலிருந்து அலபாமாவின் மொபைல் நகரத் துறைமுகம் வழியாக வந்து தெற்கு முழுதும் பரவிய செந்நிற எறும்பு. மழைக்கு மறுநாள் புல்லில் பொலபொலவென்று மண் குவிந்திருந்தால் அதன் மேல் கால் வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கில் ஏறிய பிறகு ஒன்றாகக் கடிக்கும், சீழ்க் கொப்புளம் வரும். பிள்ளைகளை விளையாட விடும் முன் தரையைப் பாருங்கள். கடித்த பின் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே 911.

ஊரும் மனிதர்களும்

நகர மையத்தில் ஒரு பெண் சிலை இருக்கிறது, தலைக்கு மேல் ஒரு வண்டைத் தூக்கிப் பிடித்தபடி. 1915 வாக்கில் வந்த பருத்திக் காய்வண்டு விளைச்சலை நாசம் செய்தது. விவசாயிகள் வேர்க்கடலைக்கு மாறினார்கள், 1917-க்குள் கடலையில் கொழித்தார்கள். அந்த நன்றிக்கு 1919 டிசம்பரில் பூச்சிக்கே நினைவுச்சின்னம் வைத்த ஊர் இது. சிலையின் கையில் வண்டு வந்தது 1949-ல். பிள்ளைகளை முதல் வாரத்திலேயே கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஊர்க்காரர்களிடம் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல விஷயம் கிடையாது.

பெரியவர்களை 'சார்', 'மேடம்' என்று சொல்லும் பழக்கம் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, நம் பிள்ளைகளுக்கு அது எளிதாக வரும். எதிரே வரும் காரிலிருந்து கை தூக்கினால் நீங்களும் தூக்குங்கள். இறுதி ஊர்வலக் கார்கள் வந்தால் எதிர்ப்பக்கம் வருபவர்களும் ஓரமாக நிறுத்தி வழிவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள். "எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பது முதல் சந்திப்பிலேயே வரும் கேள்வி. பெரும்பாலும் அது நட்பில் வரும் அழைப்புதான். "நாங்கள் இந்துக்கள்" என்றோ "முஸ்லிம்கள்" என்றோ நிமிர்ந்து சொல்லுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். சிலர் அடுத்த முறையும் அழைப்பார்கள், நன்றி சொல்லிவிட்டு நகரலாம். புதன்கிழமை மாலை சர்ச் நாள், அன்று பிறந்தநாள் விழா வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து (ஃபுட்பால்). விளையாட்டு புரியாவிட்டாலும் ஒரு தடவை போய் உட்காருங்கள், மறுநாள் கடையில் நான்கு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருடத்தில் போகப் போகிறோம், எதற்குப் பழக்கம் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த ஊர் மிகக் கடினம். சிற்றூரில் எல்லாக் காரியமும் முகம் பார்த்து நடக்கிறது. நல்ல மெக்கானிக், நம்பிக்கையான குழந்தைக் காப்பாளர், வாடகைக்கு வரப்போகும் வீடு எதுவும் இணையத்தில் கிடைக்காது. ஓய்வுபெற்ற ராணுவக் குடும்பங்கள் நிறைய இங்கேயே தங்கிவிட்டன. புதிதாக வருபவரின் திண்டாட்டம் அவர்களுக்குத் தெரியும்.

மான்ட்கோமரி ஒன்றரை மணி நேரம். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதாகி, 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்த ஊர். 2018-ல் அங்கே திறந்த, வன்முறைக் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்கான நினைவிடத்தைப் பெரிய பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். அலபாமாவில் வாழ்கிறோம் என்றால் அது தெரிந்திருக்க வேண்டும்.

சமையலறை

சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் முதலில் அறிய வேண்டியது: இங்கே உணவகத்தில் கீரையும் பீன்ஸும் பன்றி இறைச்சி போட்டே வேகும். 'காய்கறித் தட்டு' என்று பட்டியலில் இருந்தாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சாலையோரம் விற்கும் அவித்த வேர்க்கடலை உப்பும் தண்ணீரும்தான், சில இடத்தில் ஹாம் சேர்ப்பார்கள், அதையும் கேளுங்கள். கோடைச் சந்தையில் வெண்டைக்காய் நம் ஊர் விலை ஞாபகம் வரும் அளவுக்கு மலிவு. தட்டைப்பயறு இனங்கள் பச்சையாகவே கிடைக்கும். கிரிட்ஸ் நம் சோளக் கஞ்சி மாதிரிதான், மோர் ஊற்றினால் பிள்ளைகள் குடிப்பார்கள்.

இட்லி அரிசி, உளுந்து, புளிக்கு அட்லாண்டா பயணம். நான்கு மணி நேரம் போல ஆகும். டெகேட்டர் பக்கம் இந்தியக் கடைகளும், ரிவர்டேலில் பெருமாள் கோயிலும், அட்லாண்டாத் தமிழ்ச் சங்கமும் இருப்பதால் பொங்கல், தீபாவளியோடு சேர்த்துப் போனால் ஒரே பயணத்தில் முடியும். ஜார்ஜியா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். கொல்லையில் கத்தரி, வெண்டை, புடலை, அவரை அருமையாக வரும். முருங்கை கோடையில் எகிறும், உறைபனியில் கருகும்.

துணைவரின் வேலை

நர்ஸ்களுக்கு நல்ல செய்தி: அலபாமா 2020 முதல் பல மாநில நர்ஸிங் உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. மற்றத் தொழில்களுக்கும், 2023 ஜனவரியில் வந்த கூட்டாட்சிச் சட்டத் திருத்தப்படி, வேறு மாநில உரிமத்தை ராணுவத் துணைவர் இங்கே பயன்படுத்தலாம். வழக்கறிஞர்களுக்கு அது பொருந்தாது. புது உரிமம் எடுக்க நேர்ந்தால் 1,000 டாலர்வரை ராணுவம் திருப்பித் தரும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே தொடர முடிகிறதா என்று கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் துறையில் இந்த ஊருக்குள் வேலை மிகக் குறைவு. பேருந்து கிடையாது. இருவரும் வெளியே போவதென்றால் இரண்டு கார் வேண்டும்.

பெற்றோர் வந்தால்

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால், தளத்துக்குள் குடியிருப்பவர்கள் அவர்களை நேராக கேட்டுக்கு ஓட்டிப்போக முடியாது. வெளிநாட்டுக் குடிமக்களுக்கு முன்கூட்டியே சரிபார்ப்பு உண்டு. டிக்கெட் போட்டவுடனே விசிட்டர் சென்டரில் என்னென்ன ஆவணம், எத்தனை நாள் முன்னால் என்று கேளுங்கள். அவர்கள் வந்ததும் படைவீரர் உடன் இருக்க, பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துப்போய் பாஸ் வாங்க வேண்டும். தளத்துக்கு வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வருடத்தில் ஆறு மாதம் பெற்றோர் தங்கும் வீடென்றால், உள்ளே குடியிருப்பு கேட்கும் முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டிரைகேர் அவர்களுக்குப் பொருந்தாது, பயணக் காப்பீடு எடுத்துவிட்டே விமானம் ஏறச் சொல்லுங்கள்.